எழுதத் தெரியாத கை நடத்திய ஏடு

விடியற்காலையிலே சுங்குவார்சத்திரம் சாலையோரம் நின்று பார்த்திருக்கிறீர்களா, தோழர்களே? பேருந்துக்குப் பின் பேருந்து! இரவுப் பணி முடித்து விடுதிக்குத் திரும்பும் நங்கையர் ஒருபுறம். பகற்பணிக்கு விரையும் நங்கையர் மறுபுறம். சன்னலில் தலைசாய்த்து உறங்குகிறார்கள். திருவண்ணாமலையின் மகள் இருக்கிறாள், விழுப்புரத்தின் மகள் இருக்கிறாள், தருமபுரியின் மகள் இருக்கிறாள். நாற்று நட்ட கைகளுக்குப் பிறந்த கைகள் இன்று கைப்பேசிக்குத் திருகாணி முடுக்குகின்றன. ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் நாடறிந்த பெயர்களாகிவிட்டன, கடல்கடந்தும் அறிவார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியொன்று திறக்கப்பட்டது. பதினெட்டாயிரத்துக்கு மேற்பட்ட கட்டில்கள்! மகிழ்ச்சிதான். தொட்டில்கள் எத்தனை என்று மட்டும் மனம் கேட்கிறது.

ஏன் கேட்கிறது? அதே 2024 ஜூன் திங்களில் ராய்ட்டர்ஸ் நிறுவனம் ஒரு செய்தி வெளியிட்டது. ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையின் ஐபோன் பணிக்கு, மணமான பெண்களை எடுப்பதில்லை என்று வாயிற்புறத்திலேயே திருப்பி அனுப்புகிறார்கள் என்பது செய்தி. குடும்பப் பொறுப்பு, பிள்ளைப்பேறு, விடுப்பு இவையே காரணமாகச் சொல்லப்பட்டன. நிறுவனம் மறுத்தது. மணமானவர், மணமாகாதவர் என்ற பாகுபாடு தங்களிடம் இல்லையென்றது. ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தை எடுத்துக்காட்டித் தமிழ்நாட்டு அரசிடம் அறிக்கை கேட்டது. யார் சொல்வது மெய் என்று தீர்ப்புச் சொல்ல நான் நீதிபதி அல்லன். ஆனால் அந்த எண்ணம் இருக்கிறதே, தாலி ஏறினால் தொழில் இறங்கும், தொட்டில் ஆடினால் கை ஓயும் என்ற எண்ணம், அது அந்த வாயிலில் பிறந்ததன்று. நம் வீட்டுத் திண்ணையில் பிறந்தது. கூடத்தில் வளர்ந்தது. இன்றைக்கும் நம்மோடுதான் உண்டு உறங்குகிறது.

அந்த எண்ணத்தின் முகத்தில் அறைந்த ஒரு பெண்மணியின் கதையைச் சொல்கிறேன். தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. காஞ்சிபுரம் வட்டாரத்தில், பரந்தூர்ப் பக்கத்தில், நீர்வளூர் என்று ஓர் ஊர். இன்று கம்பெனிப் பேருந்துகள் வந்து பெண்களை ஏற்றிச் செல்லும் பகுதி. அந்த ஊர்க் குடும்பமொன்றின் மகள்தான் கோதைநாயகி. நாடு அறிந்த பெயர் வை.மு.கோதைநாயகி அம்மையார். 1901 டிசம்பர் முதல் நாள் பிறந்தவர். தந்தை வெங்கடாச்சாரி, தாய் பட்டம்மாள்.

அவர் காங்கிரசுக்காரர். கதர் உடுத்தியவர். ஆழ்வார் பாசுரம் கேட்டு வளர்ந்த வைணவக் குடும்பம். நம் மேடை வேறு, அவர் மேடை வேறு. ஆனாலும், நடத்திக் காட்டியவர் எவராயிருந்தாலும் கணக்கில் வரவு வைக்கத்தானே வேண்டும்!

ஒரு வயதில் தாயை இழந்தார். பாட்டியும் சிற்றப்பன் குடும்பமும் வளர்த்தார்கள். பள்ளிக்கூடம்? அதெல்லாம் இல்லை. 1901-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் இந்தியப் பெண்களில் எழுத்தறிந்தவர் நூற்றுக்கு ஒருத்தி கூட இல்லை. அந்த ஒருத்தியாக இருக்கும் பேறு கோதைக்கு வாய்க்கவில்லை. வாய்த்தது திருமணம். 1907-இல், ஐந்தரை வயதில்! மணமகன் பார்த்தசாரதிக்கு வயது ஒன்பது. பால்ய மணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் வந்தது 1929-இல். அதுவும் பதினான்கு வயதானால் போதும் என்றது. ஐந்து வயதுக் குழந்தையைப் பந்தலில் உட்கார வைத்த காலத்திற்கு அந்தப் பதினான்கே பெரும் புரட்சி.

பெயருக்கு முன்னால் நிற்கும் வை.மு. புகுந்த வீட்டின் எழுத்து. வைத்தமாநிதி முடும்பை என்பதன் சுருக்கம். கம்பராமாயணத்திற்கு உரை வரைந்த வை.மு.கோபாலகிருஷ்ணமாச்சாரியார் தாங்கியதும் இதே எழுத்துகளைத்தான். கம்பனைப் பற்றி நம்மவர் பேசியது வேறு கதை, அது இங்கே வேண்டாம். நான் சொல்ல வந்தது, அது ஏடும் எழுத்தாணியும் புழங்கிய குடும்பம் என்பதை. அந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்த பெண்ணுக்குத் தமிழில் ஒரு வரி எழுதத் தெரியாது. மாமியாரிடம் தெலுங்கு கற்றார். செவிவழி வந்த பாசுரங்கள் நெஞ்சில் நின்றன. குரல் இனிமை, நினைவுக் கூர்மை, கதை சொல்லும் ஆர்வம் மூன்றும் இருந்தன. அக்கம்பக்கத்துக் குழந்தைகளைக் கூட்டி வைத்துக் கதை சொல்வார். நேற்றுச் சொன்னதை இன்று சொல்லமாட்டார், புதிதாகக் கட்டுவார். கணவர் அவரை நாடகங்களுக்கு அழைத்துச் சென்றார். திருவல்லிக்கேணி வைதிகத் தெருவிலிருந்து கணவனும் மனைவியுமாக நாடகக் கொட்டகைக்கு! அந்தக் காலத்தில் இதுவே ஊர் வாய்க்கு ஒரு வாரத் தீனி.

நாடகம் பார்த்த கண், நாடகம் கட்டத் தொடங்கிற்று. கதை நெஞ்சில் இருக்கிறது, உரையாடல் நாவில் இருக்கிறது, கையில் எழுத்து இல்லை. என்ன செய்வார்? தோழி பட்டம்மாளை அழைத்தார். தாயின் பெயரேதான் தோழிக்கும். இவர் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். அப்படிப் பிறந்தது 'இந்திர மோகனா' என்னும் நாடகம், 1924-இல் அச்சேறியது. அப்படி எழுதிக் கொடுத்த அந்தத் தோழியிடமேதான் பிறகு தமிழ் எழுதப் படிக்கவும் கற்றுக்கொண்டார். ஒரு நூல் வெளியிட்ட ஆசிரியை, அதற்குப் பிறகு எழுத்துக் கற்கிறார்! இப்படி ஒரு வரிசையை எந்த நாட்டு இலக்கிய வரலாற்றில் கண்டீர்கள்?

அடுத்த ஆண்டு, 1925. 'ஜகன்மோகினி' என்றொரு மாத இதழ் நடத்த முடியாமல் நின்று போயிருந்தது. துப்பறியும் நாவல்களால் பெயர் பெற்றிருந்த வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ஊக்கமும் துணையும் கிடைக்க, அம்மையார் அந்த இதழை ஏற்றார். 'வைதேகி' என்ற தம் முதல் நாவலை அதிலே தொடராக்கினார். துப்பறியும் கதை எழுதிய முதல் தமிழ்ப் பெண் என்று அவரைக் குறிப்பிடுவார்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் அந்த இதழ் அவர் பெயரோடு நடந்தது. நூற்றுப் பதினைந்து நாவல்கள் எழுதினார். கணக்குப் போடுங்கள், ஆண்டுக்கு மூன்றுக்கு மேல்! நாவல் ராணி என்று பட்டம் கட்டினார்கள்.

பட்டம் கிடக்கட்டும், தோழர்களே. மாத இதழ் நடத்துவது என்றால் என்னவென்று ஏட்டுத் தொழிலில் கையைச் சுட்டுக் கொண்டவர்களைக் கேளுங்கள். நாவலாசிரியருக்குக் காய்ச்சல் வரலாம், இதழாசிரியருக்கு வரக்கூடாது. அச்சுக்கோப்பவர் கையில் கம்போசிங் குச்சியோடு காத்திருப்பார். ஒரு பாரம் ஓடினால்தான் அடுத்த பாரத்திற்கு எழுத்து விடுபடும். புரூப் திருத்தியாக வேண்டும். காகிதக் கடைக்காரருக்குத் தவணை உண்டு, தபாலாபீசுக்குத் தவணை கிடையாது. குறித்த நாளில் இதழ் போகாவிட்டால் சந்தாதாரரின் கடுதாசி வந்துவிடும். வி.பி.பி.யில் அனுப்பிய புத்தகம் வாங்குவாரின்றித் திரும்பினால் போகக்கூலி, வரக்கூலி இரண்டும் நம் தலையில். இத்தனைக்கும் நடுவே, சென்ற மாதம் எந்த இடத்தில் கதாநாயகியை ஆபத்தில் விட்டோமோ அங்கிருந்து அவளை மீட்டு, மறுபடி வேறோர் ஆபத்தில் விட்டாக வேண்டும்.

இதை ஓர் ஆபீசில் உட்கார்ந்து செய்யவில்லை அம்மையார். திருவல்லிக்கேணியில் குடும்பம் நடத்திக்கொண்டே செய்தார். ஒரே மகன், சீனிவாசன். அடுப்பு இருந்தது, உறவுமுறை இருந்தது, விருந்து இருந்தது, நோன்பு இருந்தது. பிள்ளைப்பேறு பார்க்கும் கைப்பழக்கமும் அவருக்கு உண்டு. சாதி பாராமல் அழைத்த வீட்டுக்குப் போவார் என்பார்கள். 1929-இல் இங்கிலாந்தில் வர்ஜீனியா உல்ஃப் என்னும் எழுத்தாளர், பெண் எழுத வேண்டுமானால் அவளுக்குச் சொந்தப் பணமும் தனியறையும் வேண்டும் என்று வாதிட்டு ஒரு நூல் எழுதினார். உலகம் போற்றும் நூல். அது வெளிவந்தபோது கோதைநாயகி ஜகன்மோகினியைக் கையிலெடுத்து நான்காண்டு ஆகியிருந்தது. பணத்தை அவரே ஈட்டத் தொடங்கியிருந்தார்.

எப்படி ஈட்டினார்? அந்தக் கணக்குதான் என்னை வியக்க வைக்கிறது. ஒரு கதை முதலில் இதழில் தொடராகிறது, சந்தா வருகிறது. பிறகு அதே கதை புத்தகமாகிறது, விலை வருகிறது. பிறகு படக்காரர் வருகிறார். 1937-இல் 'ராஜமோகன்' படமாயிற்று. 1938-இல் ஜூபிடர் நிறுவனம் 'அநாதைப் பெண்'ணைப் படமாக்கிற்று, எம்.கே.ராதா நடித்தார். பின்னாளில் அச்சகமும் சொந்தமாயிற்று. கதை அவருடையது, இதழ் அவருடையது, அச்சு அவருடையது, விற்பனை அவருடையது. பிறர் ஏட்டின் வாயிலில் கையெழுத்துப் படியோடு காத்து நிற்கும் நிலை அவருக்கு இல்லை. அந்த இதழில் வேறு பெண்களும் எழுத இடம் கிடைத்தது.

ஏச்சும் எள்ளலும் எங்கே போகும்? வந்தன. குடும்பப் பெண்ணுக்கு நாவல் எதற்கு என்று தெருவில் பேசினார்கள். ஊரார் முணுமுணுத்தார்கள், உற்றார் முகம் சுளித்தார்கள். எழுத்தாளர்கள் சிலர் ஏடுகளில் இகழ்ந்தார்கள். ஆண் எழுதினால் கலை, பெண் எழுதினால் கேடு என்பதுதான் அன்றைய இலக்கணம். அவர் கதைகளைப் படித்தவன் என்ற முறையில் என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். நடை வடமொழி கலந்த நடை. நம் செவிக்கு உறுத்தும். கதை நகர்ந்து கொண்டிருக்கும்போதே அறிவுரை வந்து உட்கார்ந்துகொள்ளும், எழுந்திருக்க நேரமாகும். திடீர்த் திருப்பங்கள் நம்பும்படி இரா. காலம் அவற்றில் பெரும்பாலானவற்றை நூலகத்து மேலடுக்கில் ஏற்றிவிட்டது. ஆனால் கைம்பெண்ணின் துயரையும், வரதட்சணைக் கொடுமையையும், குடியின் கேட்டையும் அடுக்களைக்குள்ளே கொண்டுபோய்ச் சேர்த்தவை அவை. பள்ளிப்படி மிதியாத ஆயிரக்கணக்கான பெண்களுக்கு, அடுத்த மாதம் என்ன ஆகுமோ என்ற ஏக்கத்தினாலேயே எழுத்துக் கூட்டிப் படிக்கும் பழக்கம் வந்தது என்றால், அந்தத் திடீர்த் திருப்பங்களை நான் மன்னித்துவிடத் தயார்.

1925-இல் காந்தியார் சென்னைக்கு வந்தபோது அவரைச் சந்தித்தார். பட்டு போயிற்று, நகை போயிற்று, கதர் வந்தது. அம்புஜம்மாளோடும் வசுமதி ராமசாமியோடும் சேர்ந்து பொதுப்பணியில் இறங்கினார். மேடையேறினார், சத்தியமூர்த்தி, ராஜாஜி போன்றோருடன் ஊர் ஊராகப் பேசினார். பேச்சுக்கு நடுவே பாடுவார், கூட்டம் கலையாது. (மேடைக்காரன் நான், கூட்டம் கலையாதிருப்பதன் அருமை எனக்குத் தெரியும்.) டி.கே.பட்டம்மாள் மேடையேறிப் பாட ஊக்கம் தந்தவர்களில் இவரும் ஒருவர் என்று இசையுலகம் நினைவுகூரும். 1931-இல் கள்ளுக்கடை மறியல், சிறை. வீட்டில் மகன் இருக்கிறான், இதழ் இருக்கிறது, நடுவழியில் நிற்கும் தொடர்கதை இருக்கிறது. தாய் சிறைக்குள்!

இதழ் நின்றதா? நிற்கவில்லை. அம்மையார் சிறைக்குள் கதை எழுதினார். வெளியே ஜகன்மோகினியைக் கவனித்துக்கொண்டவர் கணவர் பார்த்தசாரதி.

இந்த மனிதரைப் பற்றி நின்று இரண்டு வார்த்தை பேசாமல் போக எனக்கு மனமில்லை. வரலாறு அவருக்கு ஒரு வரி கொடுத்தது. அதுவும் மனைவியின் வாழ்க்கைக் குறிப்பிலே. ஒன்பது வயதில் யாரோ முடித்து வைத்த மணம். அந்த வயதில் அவரைக் கேட்டவர் யார்? ஆனால் வளர்ந்த பின் நாடகத்துக்கு அழைத்துப் போனார், எழுதத் தெரியாத மனைவியின் கற்பனையைக் காதுகொடுத்துக் கேட்டார், ஊர் இகழ்ந்தபோது உடன் நின்றார், அவர் சிறையிலிருந்தபோது இதழைக் காத்தார். மனைவி பெயரெடுத்தால் தன் பெயர் தேயும் என்று அஞ்சும் ஆடவர் கூட்டம் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அந்தக் கூட்டத்தில் இவர் சேரவில்லை. குடும்பத்தையும் தொழிலையும் அம்மையார் எப்படிச் சமாளித்தார் என்று வியந்து கேட்கிறோமே, ஒருவரே இரண்டையும் சுமந்திருந்தால் சமாளித்திருக்க முடியாது என்பதுதான் விடை. தோழி எழுதிக் கொடுத்தார், மாமியார் கற்பித்தார், கணவர் சுமை பகிர்ந்தார். வீடு தோள் கொடுத்தது, வெற்றி வந்தது.

வாய்ப்பு எல்லோருக்கும் ஒன்றல்ல என்பதையும் மறைக்கமாட்டேன். அவருக்குச் சாதிப் படிக்கட்டில் உயரமான இடம் இருந்தது. கையில் சிறிது சொத்து இருந்தது. அதே நீர்வளூரில், அதே ஆண்டில், சேரியில் பிறந்த ஒரு கோதைக்குக் கதை சொல்லும் நா இருந்திருக்கலாம். எழுதிக் கொடுக்கப் பட்டம்மாள் இருந்திருக்கமாட்டாள். அந்தக் கதைகளெல்லாம் வயல் வரப்பிலேயே செத்துப்போயின. இன்றைய பேருந்திலே தலைசாய்த்து உறங்குகிறாளே, அவள் அந்தக் கோதையின் கொள்ளுப்பேத்தி. அவளுக்குப் பள்ளி கிடைத்தது, படிப்புக் கிடைத்தது, சம்பளம் கிடைத்தது. 2017-இல் திருத்திய மகப்பேறுச் சட்டம் இருபத்தாறு வாரச் சம்பள விடுப்பு என்றது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. வீடு தோள் கொடுக்காத இடத்தில் சட்டம் தோள் கொடுக்கட்டும் என்பதற்காக வந்தவை இவை. மணமானவளை வாயிலிலேயே நிறுத்திவிட்டால், உள்ளேயிருக்கும் காப்பகத்தில் தொட்டிலாட்டுவது யார்?

அம்மையாரிடம் திரும்புகிறேன். இரண்டாம் உலகப் போர் வந்தது. காகிதம் தங்கமாயிற்று; தங்கமாவது கடையில் கிடைக்கும், காகிதம் கிடைக்காது. பெரிய பெரிய ஏடுகள் மெலிந்தன, சின்ன ஏடுகள் மறைந்தன. பழைய இதழை மூட்டைகட்டி வைத்துவிட்டு, வயது நாற்பதாயிற்று, மகன் இருக்கிறான், போதும் என்று அம்மையார் ஓய்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? தம் சொத்தை விற்று இதழை நடத்தினார்! நகையைக் கழற்றிப் போட்டது நாட்டுக்காக. நிலத்தை விற்றது ஏட்டுக்காக. இலாபக் கணக்கு மட்டும் பார்க்கும் வணிகர் இதைப் பைத்தியம் என்பார். இதழ் நடத்தியவர் எவரும் அப்படிச் சொல்லமாட்டார்.

1948-இல் காந்தியார் சுடப்பட்ட பின், திருவல்லிக்கேணியில் மகாத்மாஜி சேவா சங்கம் என்ற அமைப்பை ஏற்படுத்தி, பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் கலைகள் கற்பிக்க வழி செய்தார். திரைப்படத் தணிக்கைக் குழுவிலும் இருந்தார். நாவல்கள் வந்துகொண்டே இருந்தன.

1956-இல் மகன் சீனிவாசன் மறைந்தார்.

ஒரே மகன். நூற்றுக்கு மேற்பட்ட கதைகளில் எத்தனையோ தாய்மாரை அழவைத்து, கடைசி அத்தியாயத்தில் கண்ணீரைத் துடைத்தவர் அவர். இங்கே துடைப்பார் இல்லை. உடல் தளர்ந்தது. காசநோய் பற்றியது. 1960 பிப்ரவரி 20-ஆம் நாள், தாம்பரம் காசநோய் மருத்துவமனையில் கண்மூடினார். ஜகன்மோகினியின் முப்பத்தைந்து ஆண்டு ஓட்டமும் அத்தோடு முடிந்தது.

ஆறாண்டு கழிந்து, 1966-இல், 'சித்தி' என்று ஒரு படம் வந்தது. கே.எஸ்.கோபாலகிருஷ்ணன் இயக்கம், பத்மினி, ஜெமினி கணேசன், எம்.ஆர்.ராதா நடிப்பு. கொட்டகை கொட்டகையாகத் தாய்மார்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். கதை, அம்மையாரின் 'தயாநிதி'. தாயில்லாப் பிள்ளைகள் நிறைந்த ஒரு வீட்டுக்குள் இரண்டாந்தாரமாக நுழைந்து, அவர்களுக்குத் தாயாகும் ஒருத்தியைப் பற்றி, ஒரு வயதில் தாயைப் பறிகொடுத்தவர் எழுதிய கதை.